நாலு மணித் தேநீரும் நாட்டுக்கோட்டை வீடும்

மத்தியானச் சாப்பாட்டுக் கடையை முடித்து, பாத்திரங்களை ஒழித்துப் போட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தால் மணி நாலு. அந்த நேரத்துக்கு ஒரு வாய் காப்பியோ டீயோ தொண்டையில் இறங்காவிட்டால் நம்மில் பலருக்குத் தலையே வெடித்துவிடும்! கூடவே கடித்துக் கொள்ள இரண்டு முறுக்கோ, ஒரு பஜ்ஜியோ இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இந்தச் சாதாரண நாலு மணிக்கு ஒரு சரித்திரமே உண்டு என்றால் நம்புவீர்களா? அதுவும், இடிந்து விழ இருந்த பெரிய பெரிய வீடுகளைத் தாங்கிப் பிடிக்கிற சக்தி இந்த நாலு மணிக்கு உண்டு என்றால்?

சீமாட்டிக்கு வந்த பசி

இங்கிலாந்தில் வோபர்ன் ஆபி என்று ஒரு மாளிகை இருக்கிறது. பெட்ஃபோர்டு பிரபு குடும்பத்தாரின் பரம்பரை வீடு. 1840-ஐ ஒட்டிய வருஷங்களில் அங்கே எஜமானியாக இருந்தவர் அன்னா மரியா சீமாட்டி. அந்தக் காலத்துப் பிரபுக்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கு மேல்தான். மத்தியானம் ஏதோ கொறித்ததோடு சரி. நடுவே நாலு, ஐந்து மணிக்கு அம்மாளுக்கு வயிறு உள்ளே இழுக்குமாம். தன் அறைக்கே தேநீரும், ரொட்டியும் வெண்ணெயும், கொஞ்சம் கேக்கும் கொண்டு வரச் சொல்லிச் சாப்பிட ஆரம்பித்தார். பிறகு சிநேகிதிகளையும் கூட்டிக் கொண்டார். பெரிய வீட்டுப் பழக்கம் ஊர்ப் பழக்கமாக எத்தனை நாள் ஆகும்? இதுதான் பிற்பகல் தேநீர் விருந்து பிரபலமான கதை.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அதுவரை ஆங்கிலேயர்கள் குடித்ததெல்லாம் பெரும்பாலும் சீனத் தேயிலைதான். நம் அஸ்ஸாம் தேயிலை முதன் முதலாக லண்டனில் ஏலத்துக்குப் போனது 1839 ஜனவரியில். சீமாட்டிக்குப் பசி எடுத்ததும், நம்மூர்த் தேயிலை அங்கே போய் இறங்கியதும் ஏறக்குறைய ஒரே சமயம் என்று வைத்துக் கொள்ளுங்களேன்!

இன்னொரு விஷயம். இப்போது நம் பெரிய ஓட்டல்களில் 'ஹை டீ' என்று போர்டு வைத்து அமர்க்களம் செய்கிறார்கள். உண்மையில் ஹை டீ என்பது, நாளெல்லாம் உழைத்துவிட்டு வீடு திரும்பும் தொழிலாளிக் குடும்பம் சாயங்காலம் மேஜையில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடும் சாப்பாடு. சீமாட்டிகள் சோபாவில் சாய்ந்து, தாழ்வான மேஜையில் வைத்துச் சாப்பிட்டது வெறும் பிற்பகல் டீதான்.

அந்த மாளிகைகள் பிறகு என்ன ஆயின தெரியுமா? இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு வாரிசு வரியும் பராமரிப்புச் செலவும் கழுத்தை நெரிக்க, எத்தனையோ மாளிகைகளை இடித்தே போட்டு விட்டார்கள். வோபர்ன் ஆபியை 1955-ல் டிக்கெட் வைத்து ஜனங்களுக்குத் திறந்து விட்டார்கள். இன்றைக்கு இப்படிப்பட்ட பல வீடுகளில் யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து, பிரபு மாதிரி உட்கார்ந்து டீ சாப்பிடலாம். "அரண்மனைக்காரர் டீ விற்கிறாரே" என்று சிரிக்கக் கூடாது. டீ விற்றுத்தான் அரண்மனை நிற்கிறது!

எங்கள் ஊருக்குப் பெயர் கொடுத்தவர்

அவ்வளவு தூரம் சீமைக்கு நாம் எங்கே போவது? எங்கள் அண்ணாமலை நகரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டரில் அதே மாதிரி ஒரு பாக்கியம் இருக்கிறது. ஊர்ப் பெயரிலேயே அதற்குச் சம்பந்தமும் இருக்கிறது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 1929-ல் தோற்றுவித்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் பிறந்தது 1881-ல், செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில். 1920-ல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கி, அதையே வளர்த்துப் பல்கலைக்கழகமாக்கினார். இங்கே நம் பெண் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கு அவர் மனைவி ராணி சீதை ஆச்சியின் பெயர். இப்படி அந்தக் குடும்பத்தின் பெயரை நாள்தோறும் வாயால் சொல்கிறோமே தவிர, அவர்கள் வாழ்ந்த ஊரைப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

கானாடுகாத்தான் தெருக்களில் நடந்தால் கழுத்து வலிக்கும். அவ்வளவு உயரம் ஒவ்வொரு வீடும்! ராஜாவின் அரண்மனை குடும்பத்தாருடைய சொந்த வீடு. நினைத்தபோது உள்ளே போக முடியாது. வெளியே நின்று பார்த்தாலே பிரமிப்புத்தான். ஆனால் அக்கம்பக்கத்து ஊர்களில் சில வீடுகள் விருந்தினர் விடுதிகளாகத் திறந்திருக்கின்றன. காரைக்குடியில் 'பங்களா', கானாடுகாத்தானில் 'விசாலம்', கடியாபட்டியில் 'சிதம்பர விலாஸ்' என்று சொல்லிக் கொண்டே போகலாம். 'விசாலம்' வீட்டை ஒரு தகப்பனார் தம் மூத்த மகள் விசாலாட்சிக்காகக் கட்டினாராம். பெண்ணுக்குப் பாத்திரம் பண்டம், நகை நட்டு கொடுப்பதைப் பார்த்திருக்கிறோம். பெண் பெயரில் மாளிகை! கேட்கும்போதே நெஞ்சு நிறைகிறது, இல்லையா?

வீடா, தெருவா?

நாட்டுக்கோட்டை வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் திண்ணையோடு கூடிய முகப்பு. ஆண்கள் கணக்கு வழக்குப் பார்த்ததும், வந்தவர்களை வரவேற்றதும் அங்கேதான். அடுத்து வளவு. நடுவே வானம் தெரியும் முற்றம். இரண்டு பக்கமும் வரிசையாக அறைகள். அதற்கும் பின்னால் பந்தி பரிமாறும் இரண்டாம் கட்டு, கடைசியில் அடுப்படி. முன்வாசல் ஒரு தெருவில் என்றால், பின்வாசல் அடுத்த தெருவில்!

பர்மாவிலிருந்து வந்த தேக்குத் தூண்கள், இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, தரையில் பக்கத்து ஊர் ஆத்தங்குடிக் கல். சுவருக்குச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்துப் பூசுவார்களாம். தொட்டால் பீங்கான் மாதிரி வழவழவென்று குளுகுளுவென்று இருக்கிறது. மே மாதத்து வெயிலிலும் வளவில் விசிறி தேடத் தோன்றாது. முற்றத்தில் விழுகிற மழைநீரை வீணாக்காமல் சேமிக்கவும் அப்போதே வழி வைத்திருந்தார்கள்.

வளவில் இருக்கும் ஒவ்வோர் அறையும் கல்யாணமான ஒரு மகனுக்கு. மருமகள் வந்த பிறகு அவர்களைத் தனி அடுப்பில் 'வேறு வைத்து' விடுவார்கள். ஒரே கூரைதான், ஆனால் அவரவர் சமையல், அவரவர் வரவு செலவு. கூட்டுக் குடும்பமும் வேண்டும், மாமியார் மருமகள் மனஸ்தாபமும் கூடாது என்றால் இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா, சொல்லுங்கள்!

இத்தனை செல்வமும் எங்கிருந்து வந்தது? பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து செய்த வட்டித் தொழிலிலிருந்து. 1930-களின் கடைசியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்து விட்டது. கடனைக் கட்ட முடியாமல் நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் கண்ணீரும் அதில் இருந்தது. அதையும் மறைக்கக் கூடாது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தது. போட்டது போட்டபடி ஓடி வந்தவர்கள் பலர். யுத்தம் முடிந்து பர்மா சுதந்திரம் அடைந்ததும் நிலமெல்லாம் அரசுடைமை ஆகிவிட்டது.

வருமானம் போயிற்று, வீடு மட்டும் நின்றது. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள். ஓடு மாற்றுவதற்குக் கூட எல்லோரும் சம்மதிக்க வேண்டும். கல்யாணம், சாந்தி என்றால் மட்டும் கதவு திறக்கும். சம்மதம் கிடைக்காத வீடுகள் ஒழுகி ஒழுகி விழுந்தன. தூண்களும் கதவுகளும் பிரிக்கப்பட்டுக் காரைக்குடிக் கடைகளில் பழம்பொருளாக விலை போயின. யாரோ ஒரு ஆச்சி மஞ்சள் குங்குமம் இட்ட நிலைப்படி, இன்றைக்கு எந்த ஊர் ஓட்டல் வாசலில் நிற்கிறதோ!

இடைப்பலகாரம்

திறந்து வைத்த வீடுகளில் ஒன்றுக்கு நாங்கள் சொந்தக்காரர்களோடு போயிருந்தோம். சொல்லி வைத்தாற்போல் நாலு மணிக்குப் பலகாரம் வந்தது. டீயோடு சாப்பிடும் இந்தச் சிற்றுண்டிக்குச் செட்டிநாட்டில் இடைப்பலகாரம் என்றே பெயர். காலைப் பலகாரத்துக்கும் ராத்திரிப் பலகாரத்துக்கும் இடையில் வருவதால் அந்தப் பெயர்! சீமாட்டி கண்டுபிடித்ததாகச் சொல்வது நம் ஆச்சிமார்களுக்குப் புதிதே இல்லை போலிருக்கிறது.

பூப்போல வெள்ளைப் பணியாரம், மிளகாய்த் துவையல், வெல்லமும் தேங்காயும் மணக்கிற கந்தரப்பம், மசாலா சீயம், பெரிய டப்பாவிலிருந்து எடுத்து வைத்த மணகோலமும் சீப்புச் சீடையும். இனிப்புக்குக் கவுனி அரிசி. கறுப்பு நிறத்தில் இருக்கும் இந்த அரிசி பர்மாவிலிருந்து வந்த சொத்துக்களில் ஒன்று. நிலமும் பணமும் போன பிறகும், பெண்கள் கையோடு தங்கிவிட்டது இந்த ருசிதான்.

அடுப்படியில் பணியாரம் ஊற்றிக் கொண்டிருந்த அம்மாளிடம், "எவ்வளவு வருஷமா செய்றீங்க அக்கா?" என்று கேட்டேன்.

"கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து ஊத்துறேன் அம்மா. அப்ப எண்ணெய்ச் சட்டி முன்னாடி நிக்கிறவ சாப்பிட்டாளான்னு ஒருத்தரும் கேட்டதில்ல. இப்ப மாசம் பொறந்தா சம்பளம். வெளிநாட்டுக்காரங்க உள்ளே வந்து 'எப்படிச் செய்றே'ன்னு பக்கத்துல நின்னு பாக்குறாங்க. எம் பேத்தி கூட அப்புறந்தான் கத்துக்கிட்டா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. தேக்கும் சலவைக்கல்லும் பார்த்துப் பிரமித்தோமே, அந்த வீட்டைத் தாங்கி நின்ற தூண் அடுப்படியில் அல்லவா இருந்திருக்கிறது!

வெள்ளைப் பணியாரம் செய்யும் விதம்

அளவுதான் இதில் சூட்சுமம். ஒரு டம்ளரில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுத்தம் பருப்பைக் கோபுரமாக நிற்கும் அளவுக்குப் போடுங்கள். அவ்வளவுதான் உளுந்து. இரண்டையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஊறவைத்து, மையாக அரைத்து, உப்பும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் போடுங்கள். கொஞ்சம் பால் விட்டுத் தோசை மாவைவிடச் சற்று இளக்கமாகக் கரைத்துக் கொள்ளவும். புளிக்க வைக்கக் கூடாது. எண்ணெய் காய்ந்ததும் தீயைத் தணித்து ஒரு சின்னக் கரண்டி மாவை ஊற்றினால் தானே உப்பி மேலே வரும். திருப்பிப் போட்டு, சிவக்குமுன் எடுத்து விடுங்கள். ஒவ்வொன்றாகத்தான் ஊற்ற வேண்டும். மாவு நீர்த்துப் போனால் எண்ணெய் குடிக்கும். ஒரு ஸ்பூன் அரிசி மாவு சேர்த்தால் சரியாகிவிடும்.

உடம்பையும் பார்க்க வேண்டாமா?

ருசி இருக்கட்டும், நாலு மணியில் ஒரு ஜாக்கிரதையும் வேண்டும். சாப்பாடு முடிந்த கையோடு டீ குடிக்கிற பழக்கம் பெண்களிடம் அதிகம். தேயிலையில் இருக்கும் துவர்ப்புச் சத்து, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாமல் தடுக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்த சோகை! ஆகவே சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அந்த வகையில் நாலு மணி டீ நல்ல டீதான்.

எண்ணெயில் பொரித்தது என்றைக்காவது ஒரு நாள், இரண்டு பணியாரத்தோடு நிறுத்திக் கொள்ளலாம். மற்ற நாட்களில் சொட்டு எண்ணெயில் வார்க்கிற குழிப்பணியாரமோ, சுண்டலோ போதும். நீரிழிவு உள்ளவர்கள் கந்தரப்பத்தையும் கவுனி அரிசியையும் கண்ணால் சாப்பிடுவதே உத்தமம்.

போகிறவர்கள் கவனத்துக்கு

சிதம்பரத்திலிருந்து தஞ்சாவூர், புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடி போகலாம். அங்கிருந்து கானாடுகாத்தான் சுமார் 15 கிலோமீட்டர். தங்க வசதிப்படாவிட்டால் சாப்பாட்டுக்கோ டீக்கோ மட்டும் போக முடியுமா என்று முன்கூட்டியே போனில் கேட்டுக் கொள்ளுங்கள். திடீரென்று போய் நின்றால் இடைப்பலகாரம் கிடைக்காது. மாவு ஊறவே இரண்டு மணி நேரம் ஆகிறதே! மாசி முதல் ஆடி வரை வெயில் கடுமை. மார்கழி, தை உத்தமம்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014-லிருந்து யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியல் தன் வேலையை மெதுவாகச் செய்யட்டும். நம் பக்கத்திலும் தாத்தா பாட்டி காலத்து முற்றம் வைத்த வீடுகள் எத்தனையோ, பங்காளிச் சண்டையில் பூட்டிக் கிடக்கின்றன. அடுத்த முறை குடும்பத்தில் எல்லோரும் கூடும்போது, அந்த வீட்டையே திறந்து, கூட்டிப் பெருக்கி, முற்றத்தில் பாய் விரித்து, நாலு மணிக்கு ஆளுக்கொரு டம்ளர் டீயும் இரண்டு பணியாரமும் கொடுத்துப் பாருங்கள். விற்பதா வைப்பதா என்ற பேச்சை அதற்கப்புறம் எடுக்கலாம். முக்கியமாக, பணியாரம் ஊற்றுகிறவருக்கும் சூடாக ஒரு டம்ளர் டீ கொடுத்து, பாயில் உட்கார வைக்க மறந்து விடாதீர்கள்!