குடத்துக்குள் கைவிட்ட சிறுவன்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உண்டு. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுத்து ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்த குடவோலை முறையைச் சொல்கின்றன. குடவோலை முறை என்றதும் வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது என்றெல்லாம் சொல்வோம். ஓலையை எடுத்தது யார் என்பது அவ்வளவாகப் பேச்சில் வருவதில்லை. குடத்துக்குள் இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன்! சபை நடுவே, எல்லோரும் பார்த்திருக்க, அவன்தான் கைவிட்டு எடுத்தான்.

அந்தச் சபையில் பெண்களுக்கும் நிலமில்லாதவர்களுக்கும் இடமில்லை. பிள்ளைகளிடம் பெருமை பேசும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும், ஊர்க்கூட்டத்தில் ஒரு சிறுவனுக்கு வேலை இருந்தது என்பது எனக்கு ஏக்கமாகவே இருக்கிறது. இன்று சுதந்திர தினத்தன்று பள்ளியில் கொடியேற்றி, மிட்டாய் வாங்கிக்கொண்டு பிள்ளைகள் வீடு திரும்பிவிடுகிறார்கள். அதே ஆகஸ்ட் 15 அன்றுதான் கிராம சபையும் கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவை அங்கே வாசிக்கிறார்கள். கையோடு அழைத்துப் போனால் என்ன?

ஏழு வயதுப் பிள்ளைக்கு அரசியல் சாசனம் புரியாது. குழாயில் தண்ணீர் எப்படி வருகிறது என்பது புரியும். மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, வால்வைத் திறந்துவிடுகிறவரை அவளுக்குத் தெரியும். அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று கேட்டுப் பாருங்கள். அப்படியே வீட்டு வரி ரசீதை எடுத்துக் காட்டுங்கள்.

இன்னும் நல்ல பள்ளிக்கூடம் ஒன்று பல வீடுகளின் திண்ணையிலேயே நடக்கிறது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று தமிழகமெங்கும் இருக்கின்றன. குழுக் கூட்டத்தில் அம்மாவின் மடியில் கிடக்கும் குழந்தை எவ்வளவு கேட்கிறது! யார் சேமிப்புக் கட்டினார்கள், யாருக்குக் கடன் தேவை, ஏன் இந்த மாதம் அவருக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்று பேசி, சிலசமயம் சத்தம் போட்டு, கடைசியில் தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள். கருத்து வேறுபட்டவர்களும் சேர்ந்து முடிவெடுப்பதை இதைவிட நெருக்கமாக எந்தப் பாடப்புத்தகம் காட்டிவிடும்?

அடுத்த கிராம சபைக்கு முன் உங்கள் பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுங்கள். தெருவில் என்ன சரியில்லை என்று அவளே எழுதட்டும். ‘எங்க தெருவுல லைட் எரியல’ என்றிருந்தாலும் திருத்த வேண்டாம். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் சபையில் வாசியுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறச் செய்யுங்கள். பிறகு தினமும் இருட்டியதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கம்பம் வரை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.