எம்டனுக்கு என்ன கலர்?

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

ஸ்கேல் மாடல் பற்றிப் பேசின போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்ல ஒண்ணு நல்லா குத்துச்சு. "அண்ணா, போர்க்கப்பல் எல்லாமே கிரேதானே? ஒரு டப்பா கிரே வாங்கி அடிச்சா முடிஞ்சுது. இதுல என்ன ஆராய்ச்சி?"

நியாயமான கேள்வி. ஏன்னா இப்போ என் மேஜை மேல ஒரு கப்பல் பாதி பெயிண்ட் அடிச்ச நிலையில ஒரு மாசமா நிக்குது. அது நிக்கிறதுக்கு ஒரே காரணம் அந்த கிரேதான்.

கப்பல் பெயர் எம்டன். நம்ம வீடுகளில் "அவன் சரியான எம்டன்"னு சொல்றோம் இல்லையா, அந்த எம்டன். 2006-ல் வந்த 'எம் மகன்' படத்துக்கு முதல்ல வெச்ச பெயரே 'எம்டன் மகன்'தான். கறாரான ஆளு, யாருக்கும் மசியாத ஆளுன்னு அர்த்தம். அந்தச் சொல் நம்ம வடசென்னைக் கடற்கரைக்கு ஒரு ராத்திரி வந்து சேர்ந்தது. 1914 செப்டம்பர் 22.

முதல் உலகப்போர் தொடங்கி ரெண்டு மாசம்கூட ஆகலை. கார்ல் ஃபான் முல்லர் என்ற கேப்டனின் தலைமையில் ஒரு ஜெர்மன் லைட் க்ரூஸர் வங்காள விரிகுடாவில் தனியா சுத்திக்கிட்டு, வர்ற சரக்குக் கப்பல்களை மறிச்சுப் பிடிச்சுக்கிட்டு இருந்தது. அன்னிக்கு ராத்திரி மெட்ராஸ் துறைமுகத்துக்குச் சுமார் 2.7 கிலோமீட்டர் வரைக்கும் நெருங்கி வந்தது. துறைமுகத்தில் விளக்குகள் எரிஞ்சுக்கிட்டு இருந்தன. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகள்தான் குறி. சுமார் 130 குண்டுகள். டாங்குகள் பத்தி எரிஞ்சன, துறைமுகத்தில் நின்ன ஒரு வணிகக் கப்பலிலும் அடி விழுந்தது, உயிர்கள் போயின. கரையிலிருந்து பீரங்கி பதில் சொன்னது, ஒண்ணும் படலை. அடுத்த நாட்களில் ஊரைக் காலி பண்ணிட்டுப் போனவர்கள் ஏராளம். உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரில் இன்னிக்கும் அதற்கு ஒரு கல்வெட்டு இருக்கு. எத்தனை பேர் நின்னு படிச்சிருப்போம்னு தெரியலை, நானே அந்தப் பக்கம் பலமுறை பஸ்ஸில் தாண்டினதுக்கு அப்புறம்தான் ஒருநாள் இறங்கிப் பார்த்தேன்.

நான் இருக்கிறது மணலி. ஜன்னலைத் திறந்தா எண்ணெய் வாசனை வர்ற ஊர். 1914-ல் இங்கே ரிஃபைனரி கிடையாது, அது 1960-களின் கடைசியில் வந்தது. ஆனாலும் எண்ணெய் டாங்குக்குப் பக்கத்தில் வளர்ந்த எவனுக்கும் இந்தக் கதையில் ஒரு சின்ன நடுக்கம் இருக்கும். அதனாலதான் இந்தக் கப்பலை எடுத்தேன்.

சரி, கலருக்கு வருவோம்.

எம்டனின் நீளம் 118 மீட்டர் சொச்சம். 1/350 ஸ்கேலில் கிட்டத்தட்ட 34 சென்டிமீட்டர், ஸ்கூல் ஸ்கேலை விட கொஞ்சம் நீளம். பத்து பீரங்கிகள், ஒவ்வொரு குழலும் அகர்பத்திக் குச்சியை விட மெல்லிசு. கட்டுறது பொறுமை சம்பந்தப்பட்ட விஷயம், அதை விட்டுடலாம். சிக்கல் பெயிண்டில்தான்.

சமாதான காலத்தில் எம்டன் வெள்ளை. சீனாவின் சிங்டாவ் துறைமுகத்தில் இருந்த ஜெர்மன் கிழக்காசியப் படையில் அது இருந்தப்போ "கிழக்கின் அன்னம்"னு செல்லப்பெயர். வெயில் நாடுகளில் கப்பலை வெள்ளையா வெச்சா உள்ளே சூடு குறையும். போர் வந்ததும் வெள்ளை போய் கிரே வந்தது. ஆக, மெட்ராஸுக்கு வந்த எம்டனை வெள்ளையா பெயிண்ட் பண்ணினா தப்பு. இது வரைக்கும் சுலபம்.

எந்த கிரே? போட்டோவைப் பார்த்துச் சொல்லிடலாமேன்னு தோணும். இங்கேதான் பெரிய பொறி இருக்கு. அந்தக் கால கருப்பு-வெள்ளை ஃபிலிம்களில் பெரும்பாலானவை சிவப்பு வெளிச்சத்தைக் கிட்டத்தட்ட உணராது, நீலத்தை அதிகமா உணரும். அதாவது, சிவப்பு கருப்பா விழும், நீலம் வெளுத்து விழும். கொஞ்சம் நீலம் கலந்த கிரே போட்டோவில் உண்மையை விட வெளிறித் தெரியும். கொஞ்சம் பழுப்பு கலந்த கிரே உண்மையை விட இருட்டாத் தெரியும். இரண்டு வேறு பெயிண்ட் ஒரே மாதிரி விழலாம், ஒரே பெயிண்ட் மேகமூட்டத்தில் ஒரு மாதிரியும் வெயிலில் வேற மாதிரியும் விழலாம்.

நம்பிக்கை இல்லைன்னா நீங்களே செய்து பாருங்க. போனில் ஒரு கலர் போட்டோ எடுங்க, எடிட்டிங் ஆப்பில் நீலச் சேனலை மட்டும் வெச்சுக் கருப்பு-வெள்ளை ஆக்குங்க. உங்க சிவப்புச் சட்டை கருப்பாயிடும். நான் நாலு கிரே கலந்து அட்டையில் தடவி இதே மாதிரி பண்ணினேன். கண்ணுக்கு நல்லா வித்தியாசமாத் தெரிஞ்ச ரெண்டு, படத்தில் ஒண்ணாப் போச்சு. அதுக்கு முன்னாடி "போட்டோ பார்த்துத்தான் மேட்ச் பண்ணினேன்"னு பெருமையா சொன்னவன் நான்.

அடுத்தது, பெயிண்ட் தொழிற்சாலை டப்பாவில் சீல் வெச்சு வந்த ஒரே கலர்னு நினைக்காதீங்க. வெள்ளை நிறமி, கரி, எண்ணெய்னு கலந்து அடிக்கிற காலம். ஒரு கலவை மாதிரி இன்னொண்ணு இருக்காது. அப்புறம் உப்புக்காத்து, வெயில். எம்டனுக்குக் கூடவே நிலக்கரி. பிடிச்ச கப்பல்களிலிருந்தும் கூட வந்த கப்பலிலிருந்தும் கடலிலேயே நிலக்கரி ஏத்தினாங்க, இடம் பத்தாம டெக்கிலும் குவிச்சாங்க. மெட்ராஸுக்கு வந்த கப்பல் கண்காட்சிக் கப்பல் இல்லை, அழுக்கான கப்பல்.

மாடல் பண்றவங்க மறக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு: கப்பலுக்கு ஒரு கலர் கிடையாது, ஒரு தேதிக்கு ஒரு கலர். அக்டோபரில் எம்டன் டியகோ கார்சியா தீவுக்குப் போய் நின்னது. அங்கே இருந்தவங்களுக்குப் போர் வந்த செய்தியே போய்ச் சேரலை, விருந்தாளி மாதிரி வரவேற்றாங்க. அங்கேதான் கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டிச் சுத்தம் பண்ணினாங்க. நம்ம செப்டம்பர் எம்டன் அதுக்கு முந்தினது. தண்ணீர்க் கோட்டுக்கிட்ட பாசியும் சிப்பியும் இருக்கணும். நவம்பர் 9-ல் கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை அடிச்சு நொறுக்கினதுக்கு அப்புறம் எடுத்த படங்கள் நிறைய இருக்கு. ஆனா அது எரிஞ்ச கப்பல். எரிஞ்ச பெயிண்டைப் பார்த்து செப்டம்பர் கலரை எப்படிச் சொல்றது?

இன்னொரு சண்டை ஸ்கேல் பற்றியது. 1/350 மாடலை ஒரு அடி தூரத்தில் பார்த்தா, நிஜக் கப்பலை 350 அடி தூரத்தில் பார்க்கிறதுக்குச் சமம். நடுவில் இருக்கிற காத்து கலரை வெளுக்க வைக்கும். இதுக்கு நூலகம் தேட வேணாம், திருவொற்றியூர் கடற்கரையில் நின்னு நங்கூரம் போட்டிருக்கிற கப்பல்களைப் பாருங்க. சிவப்பு, பச்சை, கருப்புன்னு அடிச்சிருப்பாங்க. தூரத்தில் எல்லாமே ஒரே நீலச்சாம்பல். போர்க்கப்பல் ஏன் கிரேங்கிறதுக்கும் அதுவே பதில். அதனால நிஜப் பெயிண்டின் துல்லியமான நிறத்தை மாடலில் அடிச்சா இருட்டாத் தெரியும், கொஞ்சம் வெள்ளை சேர்க்கணும்னு ஒரு கட்சி. அப்படிச் சேர்க்க ஆரம்பிச்சா முடிவே இல்லைன்னு இன்னொரு கட்சி. நான் சேர்க்கிற கட்சி, ஆனா சொட்டுக் கணக்கில்.

பின்னாடி வந்த போர்களில் இது பெரிய துறையாவே ஆச்சு. 1917-ல் நார்மன் வில்கின்சன் என்ற பிரிட்டிஷ் ஓவியர், கப்பலை ஒளிக்கவே முடியாது, குழப்பலாம்னு சொன்னார். வரிக்குதிரை மாதிரிக் கோணல் பட்டைகள். நீர்மூழ்கியிலிருந்து பெரிஸ்கோப்பில் பார்க்கிறவனுக்குக் கப்பல் எந்தப் பக்கம் போகுது, என்ன வேகம்னு கணிப்பு தப்பணும். அதுக்குப் பெயர் டாஸில். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படை கலருக்கு நம்பரே கொடுத்தது. ஜி45-ன்னா கிரே, விழும் வெளிச்சத்தில் 45 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அந்தக் காலத்துக் கப்பல் கட்டுறவங்க கொடுத்து வெச்சவங்க.

ஆனா எம்டன் டாஸிலுக்கு மூணு வருஷம் முன்னாடியே குழப்பின கப்பல். அதுக்கு மூணு புகைபோக்கி. இந்தப் பக்கம் சுத்தின பிரிட்டிஷ் க்ரூஸர் யார்மத்துக்கு நாலு. முதல் அதிகாரி ஃபான் முக்கே யோசனைப்படி, ஒரு பொய்ப் புகைபோக்கியை நிறுத்தினாங்க. முதல்ல செஞ்சது தட்டையா இருந்தது, பக்கவாட்டில் சரி, நேரெதிரில் பார்த்தா சிரிப்பு. அப்புறம் மரச்சட்டத்தில் பாய்த்துணி கட்டி உருண்டையா செஞ்சாங்க. அக்டோபர் 28-ல் பினாங் துறைமுகத்துக்குள் அந்த வேஷத்தோட நுழைஞ்சு, ரஷ்ய க்ரூஸர் ழெம்சுக்கை மூழ்கடிச்சது. துணிக்கு அடிச்ச பெயிண்டும் இரும்புக்கு அடிச்ச பெயிண்டும் ஒரே பளபளப்பில் இருக்காது, அதனால என் நாலாவது புகைபோக்கிக்கு டிஷ்யூ பேப்பர் ஒட்டி, மங்கலான கோட்டிங் கொடுக்கிறேன்.

இதைக் கேட்டுக்கிட்டிருந்த என் நண்பன் கடைசியா ஒண்ணு கேட்டான். "டேய், வந்தது ராத்திரிதானே? மெட்ராஸ்ல யாருக்குடா கலர் தெரிஞ்சிருக்கும்?" பதில் இல்லை. கரையில் நின்னவங்க பார்த்தது சர்ச்லைட், பீரங்கி மின்னல், எரிகிற டாங்கு. கப்பல் அவங்களுக்கு வெறும் இருட்டு. ஆனா என் மாடல் ட்யூப்லைட் கீழே இருக்கப் போகுது. பார்க்கிற பிள்ளைங்க அதுதான் எம்டன்னு எடுத்துக்குவாங்க. அதைப் போட்டோ எடுத்து இன்னொருத்தர் காப்பி அடிப்பார். தப்பான கலர் அப்படித்தான் சரியான கலர் ஆகுது, பெட்டிப் படத்தைப் பார்த்து நாம எல்லாரும் செஞ்சது அதான்.

வேலை பற்றி ரெண்டு வார்த்தை. கலந்த கிரேயை எல்இடி வெளிச்சத்தில் மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க, மத்தியானம் மொட்டை மாடிக்கு எடுத்துப் போங்க. அறையில் ஒண்ணா இருந்தது வெயிலில் பச்சையடிக்கும். மழைக் காலத்தில் லாக்கர் பெயிண்ட் ஸ்ப்ரே பண்ணாதீங்க, ஈரக்காத்தில் வெள்ளையா பூத்துடும். மணலியில் இருந்தா கூடுதலா, அடிக்கிறதுக்கு முன்னாடி தரையில் தண்ணி தெளிங்க, தூசி அடங்கும்.

நான் முடிவு பண்ணினது இது: நடுத்தர கிரே, சொட்டு நீலம், கொஞ்சம் வெள்ளை, தண்ணீர்க் கோட்டில் பாசி, டெக்கில் கரி. பீடத்தில் தேதியும், அதுக்குக் கீழே "நிறம்: கணிப்பு" என்றும் எழுதப் போறேன். நாலாவது புகைபோக்கியை ஒட்டலை. கழற்றி மாட்டுற மாதிரி, அடியில் ஒரு சின்ன காந்தம்.