மைனர் சுரவரிசை மூன்றா, ஒன்றா?

கிதார் கற்கத் தொடங்கும் ஒருவருக்கு மேஜர் சுரவரிசையைப் பழகி முடிக்கும்வரை பெரிய தடை எதுவும் நேர்வதில்லை. ஏறுவதற்கு ஒரு வழி. அதே வழியில் இறங்கிவிடலாம். அடுத்த பாடமாகிய மைனருக்கு வந்தவுடன்தான் தயக்கம் பிறக்கிறது. அங்கே ஒன்றுக்கு மூன்றாக வரிசைகள் காத்திருக்கின்றன. முதலாவது நேச்சுரல் மைனர். இரண்டாவது ஹார்மோனிக் மைனர். மூன்றாவது மெலோடிக் மைனர். இந்த மூன்றாவதோ, ஏறும்போது ஒரு முகமும் இறங்கும்போது வேறொரு முகமும் காட்டுகிறது. "ஒரு பெயருக்கு மூன்று உருவம் எதற்கு? இவற்றுள் எதுதான் உண்மையான மைனர்?" என்று மாணவர் கேட்பது இயல்பே. நானும் அப்படிக் கேட்டவன்தான். கேட்டதோடு நில்லாமல், எனக்குத் தெரிந்த ஒன்றையே உண்மையென்று முடிவு கட்டிக்கொண்டு, ஒரு நல்ல இசையைப் பல மாதம் கெடுத்தும் வந்தேன். அந்தக் கதையைச் சற்றுப் பிறகு சொல்லுகிறேன்.

முதலில் வாத்தியத்தைப் பார்ப்போம். வீணையில் நாம் மெட்டு என்று சொல்வதைக் கிதாரில் ஃப்ரெட் என்பார்கள். வீணையின் மெட்டுகள் மெழுகின்மேல் அமைந்தவை. கிதாரின் மெட்டுகள் மரத்திலேயே பதித்த மெல்லிய உலோகக் கம்பிகள். ஆனால் கணக்கு ஒன்றே. ஒவ்வொரு மெட்டும் அரைச் சுர அளவு. பன்னிரண்டு மெட்டு சென்றால் ஒரு ஸ்தாயி நிறைவுறும். ஆகவே வீணை அறிந்தவர்களுக்குக் கிதாரின் தந்தி அந்நிய ஊர் அன்று.

கிதாரின் ஆறு தந்திகளில் மிக மெல்லியது, வாசிக்கும்போது தரைக்கு அருகே இருப்பது, முதல் தந்தி எனப்படும். அதை விரல் வைக்காமல் மீட்டினால் எழும் சுரத்திற்கு மேனாட்டார் 'இ' என்று பெயரிட்டிருக்கிறார்கள். அதையே நாம் ஸட்ஜமமாகக் கொள்வோம். இனி 2, 4, 5, 7, 9, 11, 12 ஆகிய மெட்டுகளில் வரிசையாக விரல் வைத்து மீட்டினால் மேஜர் சுரவரிசை ஒலிக்கும். அது நம்முடைய சங்கராபரணத்தின் சுரங்களேயாகும்.

இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்து பாருங்கள். 4-ஆம் மெட்டை விட்டு 3-ஆம் மெட்டில் விரல் வையுங்கள். அதாவது அந்தர காந்தாரம் போய்ச் சாதாரண காந்தாரம் வந்துவிடுகிறது. உடனே நிறம் மாறுவதைக் காது உணரும். நண்பகல் வெயில் தணிந்து மாலை வந்தாற்போல் இருக்கும். மைனர் என்பதன் உயிர் இந்தக் காந்தாரத்தில்தான் இருக்கிறது. பெயர் எத்தனை வந்தாலும், மூன்று வரிசைகளிலும் இது மாறுவதில்லை. அவ்வாறே ரிஷபமும் மத்யமமும் பஞ்சமமும் மாறுவதில்லை. 2, 3, 5, 7 ஆகிய மெட்டுகள் மூன்றுக்கும் பொது. வேறுபாடு முழுவதும் பஞ்சமத்துக்கு மேலே, தைவதம் நிஷாதம் என்ற இரண்டு சுரங்களுக்குள் அடங்கிவிடுகிறது. இதை அறிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

நேச்சுரல் மைனரில் அந்த இரண்டும் தாழ்ந்தே நிற்கும். தைவதம் 8-ஆம் மெட்டில். நிஷாதம் 10-ஆம் மெட்டில். அதாவது சுத்த தைவதமும் கைசிக நிஷாதமும். இச்சுரங்கள் இருபதாவது மேளமாகிய நடபைரவியின் சுரங்கள். இதன் காந்தாரத்தை ஸட்ஜமமாக வைத்துக் கிரகபேதம் செய்தால் சங்கராபரணம் கிடைக்கும். இந்த உறவை மேனாட்டாரும் கண்டு, இ மைனரும் ஜி மேஜரும் உறவினர் என்கிறார்கள். இரண்டுக்கும் சுரங்கள் அவையே. அதனால் அவர்கள் இசையை எழுதும் தாளின் தலைப்பில் இரண்டுக்கும் ஒரே அடையாளந்தான். எஃப் சுரத்தை அரைச் சுரம் உயர்த்துக என்று சொல்லும் ஒரு ஷார்ப் குறி. இ மைனருக்கென்று வேறு எதுவும் தலைப்பில் இராது.

என் கதை இங்கேதான் தொடங்குகிறது. இளமையில் சிறிது வாய்ப்பாட்டுக் கற்றபின், ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு தனியே கிதார் பழகினேன். 'ரொமான்ஸ்' என்று வழங்கும் ஓர் இசை எனக்குக் கிடைத்தது. அதை இயற்றியவர் இன்னார் என்று உறுதிப்படவில்லை. 1952-ஆம் ஆண்டில் ரெனே கிளெமான் இயக்கிய ஒரு பிரெஞ்சுத் திரைப்படத்திற்காக ஸ்பெயின் நாட்டுக் கலைஞர் நார்சிஸோ யெப்பெஸ் அதை வாசித்தார். அதன்பின் உலகெங்கும் கிதார் பயில்வோர் அதை நாடினர். அதன் முதற்பகுதி இ மைனர். இரண்டாம் பகுதி இ மேஜர். முதற்பகுதியின் மேல் இசை முழுவதையும் முதல் தந்தி ஒன்றிலேயே வாசித்துவிடலாம். கீழே ஒலிக்கும் துணைச் சுரங்களை விட்டுவிட்டு, அந்த மேல் இசையை மட்டும் நான் பழகினேன்.

ஓரிடத்தில் இசை 12-ஆம் மெட்டிலிருந்து 10, 8 என்று இறங்குகிறது. நான் படித்த அட்டவணைப்படியே இருக்கிறது என்று மகிழ்ந்தேன். சற்றுத் தூரம் சென்றதும் தாளில் 11-ஆம் மெட்டைக் காட்டும் ஷார்ப் குறி ஒன்று நின்றது. தலைப்பில் இல்லாத குறி, அட்டவணையில் இல்லாத மெட்டு! அச்சுப் பிழை என்று எண்ணி, மை தொட்டு அதை அடித்துவிட்டேன். நடபைரவியில் காகலி நிஷாதத்துக்கு இடம் ஏது என்ற தைரியமும் உள்ளே இருந்தது. அந்த இடத்தில் 10-ஆம் மெட்டையே பல மாதம் வாசித்து வந்தேன்.

ஒருநாள் முதியவர் ஒருவர், நெடுங்காலம் கிதார் வாசித்தவர், என் வாசிப்பைக் கேட்டார். தம் வாத்தியத்தையும் எடுத்து, நான் விட்டிருந்த துணைச் சுரங்களை அவர் வாசிக்க, நான் மேல் இசையை வாசித்தேன். அந்த இடம் வந்ததும் இரண்டு வாத்தியங்களும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. "ஐயா, தாளில் பிழை இருந்தது; நான் திருத்திவிட்டேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. "தம்பி, நீ மேலே போகிறவனை மட்டும் பார்த்தாய், கீழே அவனைத் தாங்குகிறவனைப் பார்க்கவில்லை. இதைக் கேள்" என்று சொல்லி இரண்டு கார்ட்களை வாசித்துக் காட்டினார்.

கார்ட் என்பது பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்வது. ஸட்ஜமத்தின்மேல் கட்டிய கார்டில் ஸ, க, ப என்ற மூன்றும் சேர்ந்து ஒலிக்கும், அதுவே வீடு. பஞ்சமத்தின்மேல் கட்டிய கார்டில் ப, நி, மேல் ரி ஆகியவை ஒலிக்கும்; அது வீடு திரும்பும் வழி. மேனாட்டு இசையில் ஒரு பகுதியை முடித்துவைக்கும் வேலை பெரும்பாலும் இந்த இரண்டாவது கார்டினுடையது. முதியவர் முதலில் கைசிக நிஷாதத்தை வைத்து அந்தக் கார்டை ஒலித்து, ஸட்ஜமக் கார்டுக்கு வந்தார். இனிமையாகத்தான் இருந்தது, ஆனால் வந்தேதீர வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. பிறகு நிஷாதத்தை ஒரு மெட்டு உயர்த்திக் காகலியாக்கி ஒலித்து, நிறுத்திவிட்டார். என்னால் காத்திருக்க முடியவில்லை. ஸட்ஜமம் வரவேண்டுமென்று காது கெஞ்சிற்று. காகலி நிஷாதம் ஸட்ஜமத்துக்கு ஒரே மெட்டுக் கீழே நிற்பதால் எழும் இழுப்பு அது. "எது உன்னை வீட்டுக்கு அழைத்துப் போகிறது, தம்பி?" என்று கேட்டார். நான் மை தொட்டு அடித்த குறியை அன்றிரவே மீண்டும் எழுதி வைத்தேன்.

இப்படி நிஷாதத்தை மட்டும் 11-ஆம் மெட்டுக்கு உயர்த்திக்கொண்ட வரிசைதான் ஹார்மோனிக் மைனர். மெட்டுகள் 2, 3, 5, 7, 8, 11, 12. ஹார்மனி என்பது சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் இயைபு. அந்த இயைபின் தேவைக்காகப் பிறந்ததால் இப்பெயர். சுரங்களைப் பார்த்தால் இருபத்தொன்றாவது மேளமாகிய கீரவாணி. 'ரொமான்ஸ்' இசை இறங்கும்போது தாழ்ந்த நிஷாதத்தையும், பஞ்சமக் கார்ட் ஒலிக்கும் இடத்தில் உயர்ந்த நிஷாதத்தையும் கொண்டிருப்பது இதனால்தான். இரண்டு வரிசைகளை அது கலக்கவில்லை. ஒரே மைனர், இடத்துக்கேற்ப நடந்துகொள்கிறது.

ஆனால் ஒரு தேவையைத் தீர்த்தால் இன்னொன்று முளைக்கிறது. ஹார்மோனிக் மைனரில் 8-ஆம் மெட்டிலிருந்து 11-ஆம் மெட்டுக்குத் தாவ வேண்டும். மற்ற சுரங்களுக்கிடையில் ஒரு மெட்டோ இரண்டு மெட்டோதான் இடைவெளி. இங்கே மட்டும் மூன்று. கீரவாணியின் அழகே அந்தத் தாவலில் இருக்கிறது என்று நாம் சொல்வோம். ஆனால் பலர் சேர்ந்து பாடும் மேனாட்டுக் கோயில் இசை முதலியவற்றில், படிப்படியாக ஏறும் குரல்களுக்கு அது கரடாகத் தோன்றிற்று. ஆகவே மேலே ஏறும்போது தைவதத்தையும் ஒரு மெட்டு உயர்த்தி 9-ஆம் மெட்டில் வைத்தார்கள். 7, 9, 11, 12 என்று ஏற்றம் சமமாயிற்று. இறங்கும்போதோ ஸட்ஜமத்தை விட்டு விலகிச் செல்கிறோம், இழுப்புக்குத் தேவையில்லை. எனவே 12, 10, 8, 7 என்று பழைய நேச்சுரல் வழியே இறங்கினார்கள். இதுவே மெலோடிக் மைனர். இசையின் ஓட்டத்துக்காக, அதாவது மெலடிக்காக அமைந்தது. இதன் ஏற்றம் இருபத்துமூன்றாவது மேளமாகிய கௌரிமனோகரி, இறக்கம் நடபைரவி. ஜாஸ் இசைக் கலைஞர்கள் ஏற்றத்தின் வடிவத்தையே இறக்கத்திலும் வைத்துக்கொள்வதுண்டு. பாக் போன்ற பெரியோரின் இசையிலும், கீழே ஒலிக்கும் கார்ட் வேண்டினால், உயர்ந்த சுரங்களோடே இறங்கும் இடங்கள் உண்டு. ஆகவே ஏற்றம் இறக்கம் என்பதும் முடிந்த முடிபான விதியன்று, ஒரு வழித்துணையே.

ஏறும்போது ஒரு தைவதமும் இறங்கும்போது வேறொரு தைவதமும் என்றால் வியப்படைய வேண்டியதில்லை. நம் பைரவி ராகத்தை நினைத்துப் பாருங்கள். ஆரோகணத்தில் சதுச்ருதி தைவதம். அவரோகணத்தில் சுத்த தைவதம். பைரவி கேட்டுப் பழகிய காதுக்கு மெலோடிக் மைனரின் இயல்பு எளிதில் விளங்கும். நிஷாதத்தில் மட்டும் வேறுபாடு. பைரவியில் அது எப்போதும் கைசிகமே.

தைவதத்தை உயர்த்தி நிஷாதத்தைத் தாழ்த்தியே வைத்தால் என்ன ஆகும்? அதுவும் உண்டு. டோரியன் என்பது அதன் பெயர், நமக்குக் கரஹரப்பிரியா. 1959-ஆம் ஆண்டில் வெளிவந்த மைல்ஸ் டேவிஸின் 'ஸோ வாட்' என்னும் ஜாஸ் இசை இந்த வரிசையில் அமைந்தது. 1580-இல் லண்டனில் பதிவான பெயருடைய 'கிரீன்ஸ்லீவ்ஸ்' என்னும் பழைய ஆங்கிலப் பாட்டின் இசையில் தைவதம் சில பதிப்புகளில் உயர்ந்தும் சில பதிப்புகளில் தாழ்ந்தும் காணப்படுகிறது. இரண்டையும் மக்கள் அதே பாட்டென்றே கொள்ளுகிறார்கள்.

இங்கே நம்மவர்களுக்கு ஓர் ஐயம் எழலாம். கீரவாணி பாடும் ஒருவர் நடுவே கைசிக நிஷாதத்தைத் தொட்டால் அதை நாம் பிழை என்கிறோம். மேனாட்டார் அதையே முறை என்கிறார்களே, யார் சொல்வது சரி? இருவர் சொல்வதும் சரியே. நம் இசை ஒற்றைக் குரலில், அசையாத சுருதியின்மேல் எழுவது. அங்கே ஒவ்வொரு ராகமும் தன் சுரங்களாலும் கமகங்களாலும் தன் உருவைக் காத்துக்கொள்ள வேண்டும். நான் மேளங்களின் பெயரைச் சொன்னதும் சுர இடங்களை அடையாளம் காட்டவே. ராகம் அதனினும் பெரிது. மேனாட்டு இசையில் பல குரல்கள் ஒருங்கே நடக்கின்றன. அங்கே அடித்தளமாகிய கார்டே இடம் மாறுகிறது. அதற்கு இசைய மேலுள்ள சுரமும் வளைந்து கொடுக்க வேண்டும். நான் செய்த பிழை, ஒரு வீட்டின் சட்டத்தைக் கொண்டுபோய் அடுத்த வீட்டில் நீதி வழங்கியது.

மைனர் என்றாலே சோகம் என்று சிலர் கூறுவதும் இத்தகைய அவசர முடிவுதான். காலில் சலங்கை கட்டி ஆடத்தக்க விரைவான நடனங்களும் மைனரில் உண்டு. தாளமும் வேகமும் மீட்டும் விரலும் சேர்ந்தே சுவையைத் தீர்மானிக்கின்றன.

பழக விரும்புவோர் இவ்வாறு செய்யலாம். முதல் தந்தியில் 2, 3, 5, 7 வரை நிதானமாக ஏறி, 7-இல் நின்றுவிடுங்கள். அங்கிருந்து மேலே செல்ல மூன்று வழிகள்: 8, 10, 12 ஒன்று; 8, 11, 12 ஒன்று; 9, 11, 12 ஒன்று. ஒவ்வொன்றையும் பத்துமுறை மீட்டி, ஒவ்வொரு முறையும் 12-ஐ அடையுமுன் ஒரு கணம் நிறுத்திக் காது என்ன வேண்டுகிறது என்று கவனியுங்கள். பிறகு நண்பர் ஒருவரைக் கீழே கார்ட் வாசிக்கச் சொல்லி, அதனோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டு வாத்தியங்கள் முட்டிக்கொண்டால், தாளைத் திருத்துவதற்கு முன் ஒருமுறை கீழே ஒலிப்பதைக் கேளுங்கள். அந்த முதியவர் எனக்குக் கற்பித்தது அவ்வளவே. கிதாரில் நான் கற்றவற்றுள் எனக்கு மிகவும் உதவியதும் அதுவே.