மழைக்காலக் கீரையும் புற்றுக்காளானும்

நெசவுத் தொழில் புரியும் அங்கத்தினர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் எத்தகையவை என்று எடுத்துரைக்க வேண்டியதில்லை. குழித்தறியில் நீர் ஊறும். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி தோய்க்க வெயில் இராது. தறி ஓய்ந்தால் கூலியும் ஓயும். அதே மழைதான் வரப்பிலும் வேலியோரத்திலும் காசு செலவின்றிக் கிடைக்கும் உணவை முளைக்கச் செய்கிறது. குளிர்நாட்டார் பனி உருகும் வசந்த காலத்தில் காட்டுக்கீரை பறிக்கச் செல்வர். நமக்கோ சித்திரையில் வேப்பம்பூ கிடைப்பதோடு சரி. விதைக்காமல் விளைவனவற்றுக்கு நம் நாட்டில் மழையே பருவம்.

மண் நனைந்த இரண்டு மூன்று வாரங்களில் மானாவாரி நிலங்களில் பண்ணைக்கீரையும் தொய்யல் கீரையும் தலைகாட்டும். பூ வைக்குமுன் பறித்தால் இளசாயிருக்கும்; பூத்தபின் தண்டு நாராகிவிடும். ஆரைக்கீரைக்குத் தேங்கிய நீர் வேண்டும். ஆதலால் அது சற்றுப் பிந்தி, நெல் வயலிலும் வாய்க்கால் ஓரத்திலும் நீர் நிற்கும்வரை கிடைக்கும். சாரணையிலும் பருப்புக்கீரையிலும் ஆக்ஸாலிக் அமிலம் மிகுதி. வேகவைத்த நீரை வடித்துவிடுவது நலம், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்ப்பது அதனினும் நலம். களைக்கொல்லி தெளித்த நிலத்திலும், சாயப்பட்டறைக் கழிவு கலக்கும் ஓடையிலும் எக்கீரையையும் பறிக்கலாகாது. கழுவினால் போய்விடும் என்பது வீண் நம்பிக்கை.

கரிசல் பூமியில் உள்ளோருக்கு அதலைக்காய் தெரிந்திருக்கும். பாகலுக்கு உறவான இக்கொடியின் கிழங்கு கோடை முழுவதும் மண்ணுக்குள் உறங்கி, மழை கண்டதும் துளிர்க்கிறது. விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துச் சந்தைகளில் மழைக்காலந்தோறும் இக்காய் விலைக்கு வரும். பறித்த இரண்டொரு நாளில் வெடித்துவிடுமாதலால் தொலைவூருக்கு அனுப்புவது கடினம். நிலத்தை ஆழ உழுது கிழங்கைப் புரட்டிவிட்டால் மறு ஆண்டு கொடியைத் தேட வேண்டியதுதான்.

இனிக் காளானுக்கு வருவோம். இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பர். இடியோடு கூடிய மழை மண்ணை நனைத்துக் குளிரச் செய்யும் காலமும், காளான் எழும் காலமும் ஒன்றாயிருப்பதால் வந்த வழக்கு இது. புற்றுக்காளானின் வரலாறு அதைவிட வியப்பானது. ஒருவகைக் கறையான்கள் தாம் தின்ற மரத்தூளையும் சருகையும் எச்சமாக்கி, நிலத்தடியில் தேனடை போன்ற கூடுகளாக அமைக்கின்றன. அவற்றின்மீது ஒரு பூஞ்சணம் வளர்ந்து, கறையான் தானாகச் செரிக்க இயலாத பொருள்களைச் சிதைத்து உணவாக்கித் தருகிறது. நம் உழவரைப் போலவே கறையானும் பயிர் செய்கிறது எனலாம்! மழைக்காலத்தில் அப்பூஞ்சணம் நீண்ட வேர்போன்ற தண்டை மேலே அனுப்பிக் குடையாக விரிகிறது. இவ்வினத்திற்கு 1942-ல் ரோஜே ஹைம் என்னும் பிரெஞ்சு அறிஞர் பெயர் சூட்டினார். கறையானின்றி இதை வளர்த்து விற்கும் முறை கைகூடவில்லை. எனவே புற்றை மண்வெட்டியால் இடிப்பவர் அடுத்த ஆண்டின் காளானையும் சேர்த்தே இடிக்கிறார்.

அதிகாலையில் மொக்காக இருப்பது நண்பகலுக்குள் விரிந்து புழுவைக்கத் தொடங்கும். ஆகவே வைகறையில் எடுத்து அன்றே சமைத்தல் வேண்டும்.

இங்கே அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. வெள்ளிக்காசு கறுக்காவிட்டால் நல்ல காளான், பூண்டு நிறம் மாறாவிட்டால் நல்ல காளான், பூச்சி கடித்திருந்தால் நல்ல காளான் என்னும் சோதனைகள் யாவும் பொய்யானவை. இவற்றை நம்பி உயிர் இழந்தோர் உண்டு. மழைக்குப்பின் புல்வெளியில் எழும் பெரிய வெண்குடைக் காளான் ஒன்று, முற்றியபின் அடிமடல்கள் பச்சையாகும்; உண்டால் சில மணி நேரத்தில் கடும் வாந்தி பேதி காணும். அதனினும் கொடியவை சில உள. அவற்றின் நஞ்சு வேகவைத்தாலும் அழியாது. உண்ட 6 மணி முதல் 24 மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும் கண்டு, ஒரு நாள் குணமானதுபோல் தோன்றி, அதற்குள் ஈரல் கெட்டுவிடும். ஆகையால் குணம் தெரிகிறதென்று வீட்டில் இராமல், எஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். புற்றிலிருந்து வேரோடு எடுத்ததாயினும், அதைப் பல ஆண்டு எடுத்துப் பழகியவர் பார்த்து உறுதி கூறாமல் உலையில் இடவேண்டாம். மொக்குப் பருவத்தில் எல்லாக் காளானும் ஒன்றுபோலவே தோன்றும்.

சங்கப் பண்டகசாலைகள் காட்டுக்காளானைக் கொள்முதல் செய்வது தகாது என்பது எமது துணிபு. கீரையையும் அதலைக்காயையும் காலையில் வாங்கி மாலைக்குள் விற்றுவிடலாம். காளானுக்கு வளர்ப்பு வகைகளே ஏற்றவை. மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டு 1974-ல் விவரிக்கப்பெற்ற பால் காளான் 30 முதல் 35 டிகிரி வெப்பத்திலும் செழிப்பதால் நம் சமவெளிக்குப் பொருந்தும். சிப்பிக் காளானுக்கு அதனினும் குளிர்ச்சி தேவை. இரண்டுக்கும் நெல் வைக்கோலே படுக்கை; சிப்பிக் காளான் நூற்பாலைக் கழிவுப் பஞ்சிலும் வளரும். வைக்கோலை நறுக்கி ஊறவைத்து, வெந்நீரில் அவித்து, ஈரம் வடியவிட்டு, வித்துடன் பைகளில் அடுக்கி இருட்டறையில் வைக்கவேண்டும். மழையால் தறி ஓயும் வாரங்களில் வீட்டுப் பெண்டிர் இதனைக் கவனித்துக்கொள்ள இயலும்.