விதை அறிவுக்கு விலை என்ன?

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையிலுள்ள 14 நாடுகளுள் தேவனூர் நாடும் ஒன்று. இம்மலையின் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு முதலிய தானியங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு வந்திருக்கிறார்கள். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை என்று ஒவ்வொரு வகைக்கும் தனிப் பெயர் உண்டு. எந்த விதை எந்த மண்ணுக்கு ஏற்றது, எது எத்தனை நாளில் விளையும் என்பதெல்லாம் அவர்கள் கண்டறிந்த விஷயங்கள். ஆராய்ச்சிச் சாலையில் பிறக்கும் அறிவை விஞ்ஞானமென்று போற்றும் நாம், இதை வேறு பெயரால் அழைப்பது நியாயமாகுமா?

ஒரு படி தானியத்தைக் கொடுத்தால் கொடுத்தவரிடம் ஒரு படி குறைகிறது. அறிவோ கொடுக்கக் கொடுக்கக் குறைவதில்லை. ஆகவே அதற்கு விலை கொடுக்கச் சந்தைக்கு மனம் வருவதில்லை. இக்குறையை நீக்கவே காப்புரிமை என்னும் ஏற்பாடு தோன்றிற்று. அது தவறாக வழங்கப்பட்டால் நேரும் அநீதியையும் நாம் கண்டோம். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை அளிக்கப்பட்டது. நமது விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைச் சான்று காட்டி ஆட்சேபிக்கவே, 1997-ல் அது ரத்தாயிற்று. எழுதி வைத்த அறிவுக்குச் சாட்சி கிடைத்தது. ஏட்டில் ஏறாத மலைவாசிகளின் அறிவுக்குச் சாட்சி யார்?

2001-ம் வருஷத்துப் பயிர் வகைகள், உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு ஒரு வழி செய்தது. உழவர்கள் விதையைச் சேமிக்கவும், மாற்றிக்கொள்ளவும், வியாபார முத்திரையின்றி விற்கவும் அது உரிமை தருகிறது. அவர்கள் காத்த வகையைக் கொண்டு புதுவகை உண்டாக்கி லாபம் பெறுவோரிடமிருந்து பங்கு கோரவும் இடமளிக்கிறது.

சட்டம் நல்லதே. ஆனால் விதைப்பாரே இல்லாவிட்டால் உரிமையால் என்ன பயன்? சாமையை உரலில் குத்தி உமி நீக்குவது பெண்களுக்குப் பெரும்பாடு. ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு விற்றாலோ கையில் பணம் சேருகிறது. ஆதலால் மலையில் சிறுதானிய நிலம் சுருங்கிற்று. விதையோடு அதைப் பற்றிய அறிவும் மறையலாயிற்று. இந்நிலை கண்டு எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், ஊர் விதை வங்கிகளும் உமி நீக்கும் இயந்திரங்களும் மலையில் ஏற்படத் துணைபுரிந்தது. விதையைக் காக்கும் காரியத்தில் சட்டப் புத்தகத்துக்கு உள்ள இடம் அச்சிறு இயந்திரத்துக்கும் உண்டு.

2023-ம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதன் பலன் மலைமீது வாழ்வோரை எட்டவேண்டுமானால், நம் வீட்டு அடுப்பில் வாரம் ஒரு நாளேனும் சாமைச் சோறு பொங்கட்டும். அதற்கு உரிய விலையை உழவருக்குத் தருவதே அவர்தம் அறிவுக்கு நாம் செலுத்தும் மரியாதையாகும்.