தண்ணீரின் நிறம் பாருங்கள், தீனிச் செலவு குறையும்!

கோழி, கறவை மாடு, காய்கறித் தோட்டம் என்று குடும்பத்துக்கு நாலு காசு தேடித் தரும் பெண்களை நிறையப் பார்த்திருப்பீர்கள். மீன் வளர்க்கும் பெண்ணைப் பார்த்திருக்கிறீர்களா? மதுரையை ஒட்டிய எங்கள் பரவையில் என் மதினி, தோட்டத்தின் பத்து சென்ட் குட்டையில் கட்லா, ரோகு, நன்னீர் இறால் மூன்றையும் வளர்க்கிறார். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துப் போட்ட முதல் அது. அதனால் தவிடு, புண்ணாக்கைக்கூடக் கணக்குப் பார்த்துத்தான் போடுவார்.

“தீனி கடையில மட்டுமா இருக்கு? பாதி தண்ணிக்குள்ளயே கெடக்குல்ல!” என்பார்.

உண்மைதான். சாண உரமும் வெயிலும் சேர்ந்தால் தண்ணீரில் நுண்ணிய பச்சைப் பாசி வளரும். அதைத் தின்று சின்னஞ்சிறு நீர்ப்பூச்சிகள் பெருகும். மேல்தண்ணீரில் கட்லா அந்தப் பூச்சிகளை வடிகட்டித் தின்னும். ரோகு நடுத்தண்ணீரில் மேயும். இறாலோ அடியில் ஊர்ந்து, புழுவையும் மட்கியதையும் பொறுக்கும். மிர்கால், சாதாக் கெண்டை இரண்டும் அடியில் மேய்பவை. இறாலின் சாப்பாட்டுக்குப் பங்காளிகள். ஆகவே மதினி அவற்றை விடுவதில்லை.

பத்து சென்ட்டுக்கு அவர் கணக்கு இது: முதலில் 10 கிலோ சுண்ணாம்புத் தூள். ஒரு வாரம் கழித்து 80 கிலோ பசுஞ்சாணம். அதன்பின் 15 நாளில் தண்ணீர் பச்சை கட்டியதும் மீன் குஞ்சு, 200-க்கு மேல் போகாமல். பிறகு மாதம் 30 கிலோ சாணம். அதையும் ஒரே நாளில் கொட்டாமல் பிரித்துப் போடுவார்.

போதுமா, கூடிவிட்டதா என்று எப்படித் தெரியும்? அதற்குக் கருவி நம் கைதான். முழங்கை வரை தண்ணீரில் விடுங்கள். உள்ளங்கை அப்போதுதான் மறைந்தால் சரியான பச்சை. பளிச்சென்று தெரிந்தால் உரம் போதாது. பாதிக் கை இறங்குமுன்பே மறைந்தால் பாசி அதிகம். உரத்தை நிறுத்த வேண்டும். காவி நிறம் வெறும் மண் கலங்கல். அது சாப்பாடு ஆகாது.

பாசி அதிகமானால் என்ன ஆபத்து என்கிறீர்களா? பகலில் பிராணவாயு தருகிற அதே பாசி, இரவில் தானும் அதை இழுத்துக்கொள்ளும். விடியுமுன்தான் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவு. ஒரு ஐப்பசியில் மூன்று நாள் வானம் மூடிக் கிடந்தது. நான்காம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு மீன்களெல்லாம் மேலே வந்து வாய் பிளந்தன. இறால் கரையோரம் ஒதுங்கியது. எனக்குக் கை கால் ஓடவில்லை. மதினி ஓடிப்போய் மோட்டாரைப் போட்டு, குழாயை உயரத் தூக்கிக் கட்டித் தண்ணீரைச் சிதறி விழ விட்டார். அன்று சாணமும் இல்லை, தவிடும் இல்லை. வெயில் ஏறியதும் மீன்கள் கீழே இறங்கின. மூட்டமான நாளில் அவர் உரம் போடவே மாட்டார்.

இறாலுக்குத் தனிக் கவனிப்பு வேண்டும். ஓட்டைக் கழற்றும் சமயத்தில் உடம்பு மெத்தென்றிருக்கும். மற்ற இறால்களே தின்றுவிடும். ஒளிந்துகொள்ள உடைந்த ஓடு, பனையோலை போட்டு வையுங்கள். பக்கத்து வயலில் பூச்சிமருந்து அடித்தால் அந்தத் தண்ணீர் குட்டைக்கு வரக் கூடாது. மீன் தாங்கினாலும் இறால் தாங்காது.

இந்தக் குஞ்சுகள் நம் குட்டையிலேயே பொரிக்குமா? பொரிக்காது. இறாலின் இளம் பருவத்துக்கு உப்புக் கலந்த தண்ணீர் வேண்டும் என்பதை 1961-இல் மலேயாவின் பினாங்கில் ஷாவ்-வென் லிங் கண்டறிந்தார். தேங்கிய நீரில் இனம் பெருகாத கெண்டைகளை ஊசி மூலம் முட்டையிட வைத்தவர், 1957 ஜூலை 10-இல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி. ஆகவே நல்ல பண்ணையில் குஞ்சு வாங்குவதுதான் வழி. மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

குழந்தைகள் உள்ள வீடானால் முதல் வேலையாகக் குட்டையைச் சுற்றி வேலி போடுங்கள். அப்புறம் தினமும் காலையில் ஒரு நடை போய்த் தண்ணீரைப் பாருங்கள். தீனி மூட்டையைப் பிரிப்பது அதற்குப் பிறகுதான்!