கப்புக்குள் காற்று

மைதாவைச் சலித்து, கரண்டியால் மெதுவாக அள்ளிப் போட்டு, 250 மில்லி கப்பைத் தலைதட்டி நிரப்பித் தராசில் வைத்தால் ஏறக்குறைய 125 கிராம் காட்டும். அதே கப்பை மாவு டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராமைத் தாண்டிவிடும். கப் ஒன்றுதான், மாவும் ஒன்றுதான். ஆனால் ஒரு கேக் பஞ்சு மாதிரி வரும், இன்னொன்று வறண்டு பிளக்கும்.

கூடுதல் 25 கிராமும் காற்று இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. மாவுத் துகளின் சொந்த அடர்த்தி மில்லிக்குச் சுமார் ஒன்றரை கிராம். 125 கிராம் மைதாவுக்கு 85 மில்லி இடமே போதும். மீதி 165 மில்லியும் காற்று. கப் மைதா என்று நாம் அளப்பதில் மூன்றில் இரண்டு பங்கு மைதாவே இல்லை!

பாட்டிமார் ஆழாக்கிலும் உழக்கிலும் படியிலும் அளந்துதானே சமைத்தார்கள்? அவர்கள் அளந்தது பெரும்பாலும் அரிசியும் பருப்பும். அரிசிமணி கனமானது, விழுந்ததும் இடுக்குப் பார்த்து உட்கார்ந்துவிடும். படியைக் குலுக்கினாலும் கொஞ்சம்தான் இறங்கும். மாவு அப்படி அடங்காது. துகளின் குறுக்களவு பத்தில் ஒன்றானால் எடை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். துகளும் துகளும் ஒட்டிக்கொள்ளும் விசையோ ஏறக்குறைய பத்தில் ஒன்றாகத்தான் குறையும். பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போனால் ஒட்டு ஜெயித்துவிடுகிறது. விழவேண்டிய துகள் பக்கத்துத் துகளைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கும். வெட்டிக் குவித்த சீமைக் கருவேல முள் மாதிரிதான்: பார்வைக்கு மலை, ஏறி மிதித்தால் பாதி.

சிவகாசியில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பட்டாசுக்குப் போகும் கந்தகம், வெடியுப்பு, அலுமினியப் பவுடர் எல்லாமே பொடி. அலுமினியம் மாவைவிட நைசு. அதனால் மருந்து கலப்பது எடைக் கணக்கில்தான். எந்தப் பொருள் எத்தனை கிராம் என்பதுதான் வேதிவினைக்குக் கணக்கு. பொருள் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது என்று வினை கேட்பதில்லை. கேக்குக்கும் அதே கணக்கு. பிசகினால் முட்டையும் வெண்ணெயும் போகும், அங்கே போல உயிர் போகாது.

அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் கப் இவ்வளவு ஊன்றியதில் 1896இல் வெளிவந்த ஃபேன்னி ஃபார்மரின் புத்தகத்துக்குப் பெரும் பங்குண்டு. கப்பையும் கரண்டியையும் தலைதட்டி அளக்கச் சொன்னவர் அவர். நல்ல சீர்திருத்தம்தான், ஆனால் தலைதட்டினால் மேலே குவிந்தது போகும், உள்ளே இருக்கும் காற்று போகாது. போதாக்குறைக்கு அமெரிக்கக் கப் 237 மில்லி.

ஆகவே ‘ஒரு கப்புக்கு இத்தனை கிராம்’ என்ற பட்டியலைச் சீனிக்கு நம்பலாம். 250 மில்லிக்கு 210 கிராம் போல வரும். மைதா, கோகோ, கடலை மாவுக்கு நம்பக் கூடாது. உங்கள் கப்பால், உங்கள் கைப்பழக்கப்படி ஒருமுறை அள்ளி நிறுத்து, வந்த எண்ணை டப்பாவிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

திரவங்களில் இந்தத் தொல்லை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பாலை லிட்டரில் அளந்தாலும் பாதகமில்லை. ஒரு லிட்டர் பால் சுமார் 1030 கிராம். எண்ணெய் பாக்கெட்டில் 1 லிட்டர், 910 கிராம் என்று இரண்டையுமே அச்சடிப்பார்கள். சித்திரை வெயிலில் எண்ணெய் விரிந்து மில்லி கொஞ்சம் கூடும், கிராம் கூடாது.